மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை: எந்தச் சேர்மத்துக்கு எந்தத் தகடு?

மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையை, ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதுபோல டி.எல்.சி.யை, புதிதாகக் கையாளத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கரைப்பானைச் சுற்றியே அமைகின்றன. ஹெக்சேனையும் எத்தில் அசிட்டேட்டையும் எந்த விகிதத்தில் கலப்பது, புள்ளி ஏன் தொடக்கக் கோட்டை விட்டு நகரவில்லை, ஏன் வால்போல் இழுபடுகிறது என்று கேட்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்குக் கரைப்பானை எத்தனை முறை மாற்றினாலும் விடை கிடைப்பதில்லை. ஏனெனில் சிக்கல் தகட்டில் பூசப்பட்டிருக்கும் பொருளில் இருக்கிறது. சிலிக்கா ஜெல், அலுமினா, செல்லுலோஸ், தலைகீழ் நிலைமைத் தகடு ஆகிய நான்கையும் ஒரே அளவுகோல்களின்படி எடைபோட்டு, எந்த நிலையில் எது பொருந்தும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தகட்டின் தாங்கி, ஆயத்தத் தகடா கையால் பூசிய தகடா என்ற கேள்வி ஆகியவற்றையும் பின்னர் பார்ப்போம்.

## தேர்வுக்குத் தேவையான அளவில் அடிப்படை

கண்ணாடி, அலுமினியம் அல்லது நெகிழித் தாளின்மேல் 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் தடிமனில் நுண்தூள் ஒன்று சீராகப் பூசப்பட்டிருக்கும். இதுவே நிலையான நிலைமை. தகட்டின் அடியிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடிட்டு, நீர்த்த கரைசலை நுண்குழாயால் அக்கோட்டின்மேல் சிறு புள்ளியாக இட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கரைப்பான் உள்ள மூடிய கலத்தில் தகட்டை நிறுத்துகிறோம். கோட்டை மையால் வரையக் கூடாது. மையின் சாயங்களும் கரைப்பானோடு ஏறிப் பிரிந்துவிடும். நுண்துளை ஏற்றத்தால் மேலேறும் கரைப்பானே நகரும் நிலைமை. நிலையான நிலைமையை இறுகப் பற்றும் சேர்மம் கீழே தங்குகிறது. கரைப்பானோடு செல்ல விரும்பும் சேர்மம் மேலே போகிறது.

சேர்மம் நகர்ந்த தொலைவைக் கரைப்பான் நகர்ந்த தொலைவால் வகுத்தால் கிடைப்பது ஆர்எஃப் மதிப்பு. கரைப்பான் 6.0 சென்டிமீட்டரும் சேர்மம் 2.4 சென்டிமீட்டரும் ஏறியிருந்தால் ஆர்எஃப் மதிப்பு 0.40 ஆகும். இரண்டு தொலைவுகளும் தொடக்கக் கோட்டிலிருந்து அளக்கப்படுகின்றன. தகட்டின் அடி விளிம்பிலிருந்து அல்ல. கரைப்பான் ஏறும் தொலைவின் வர்க்கம் ஏறத்தாழ நேரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இருமடங்கு உயரம் ஏற நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நீளமான தகடு நன்றாகப் பிரிக்கும் என்று எண்ணுவோர் மறந்துவிடும் செலவு இது. அவ்வளவு நேரமும் புள்ளி பரவிக்கொண்டே இருக்கும்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் சேர்மத்தின் இயல்பு: அது முனைவுற்றதா, முனைவற்றதா, அமிலமா, காரமா, நடுநிலையா. இரண்டாவது, அது தகட்டின் மேற்பரப்பைத் தாங்குமா என்பது. சில சேர்மங்கள் பிரிவதற்கு முன்பே தகட்டிலேயே சிதைந்துவிடும். மூன்றாவது, பிரிந்த பிறகு அதைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் வழி. நான்காவது, இந்தத் தகட்டுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பது: வினை முடிந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்துகிறோமா, அதே வகைத் தூள் நிரப்பிய குழாயான கம்பத்தில் பெருமளவில் பிரிக்கப் போகிறோமா, தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டு ஒரு பொருளை அடையாளம் காண விரும்புகிறோமா? ஐந்தாவது நேரமும் மறைமுகச் செலவும்.

இவற்றுள் நான்காவதையே மிகக் குறைவானோர் சிந்திக்கிறார்கள். என் பார்வையில் அதுவே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கம்பத்தில் அலுமினாவை நிரப்பப் போகிறவர் சிலிக்கா தகட்டில் கரைப்பானைத் தேர்ந்துகொண்டு போனால், அந்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது.

## சிலிக்கா ஜெல் தகடு

1950களின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிவியலாளர் எகோன் ஸ்டால் பூச்சுப் பொருளையும் பூசும் கருவியையும் செய்முறையையும் தரப்படுத்திய பிறகே இம்முறை உலகெங்கும் பரவியது. அவர் முன்வைத்த அடுக்கு, ஜிப்சம் சேர்த்த சிலிக்கா ஜெல். அன்றிலிருந்து இன்றுவரை சிலிக்காவே முதல் தேர்வாக இருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமன்று. அதன் மேற்பரப்பில் நிறைந்திருக்கும் சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கான் அணுவோடு இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள், கரிமச் சேர்மங்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுத்துகின்றன. எத்தகைய வினைத்தொகுதி எவ்வளவு இறுகப் பற்றப்படும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: ஹைட்ரோகார்பன்கள் விரைந்து மேலே செல்லும், ஈதர்கள், எஸ்டர்கள், கீட்டோன்களும் ஆல்டிஹைடுகளும், ஆல்கஹால்கள் என்ற வரிசையில் பற்று கூடிக்கொண்டே போகும், அமீன்களும் கார்பாக்சிலிக் அமிலங்களும் கீழேயே தங்க முனையும். ஒரு கீட்டோனை ஒடுக்கி ஆல்கஹாலாக மாற்றும் வினையில், விளைபொருள் வினைபடுபொருளுக்குக் கீழே தோன்ற வேண்டும் என்று தகட்டைக் கலத்தில் இறக்கும் முன்பே எதிர்பார்க்க முடிவது இதனால்தான்.

வினையின் போக்கைக் கண்காணிக்கச் சிலிக்காவுக்கு இணையான எளிய கருவி கிடையாது. தகட்டில் மூன்று புள்ளிகள் போதும்: இடப்பக்கம் தொடக்கப் பொருள், வலப்பக்கம் வினைக்கலவை, நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக. நடுப்புள்ளியைத் தேவையற்றது என்று விட்டுவிடுவோர் பலர். ஆனால் வினைக்கலவையில் உள்ள உப்புகளோ கொதிநிலை மிகுந்த கரைப்பானோ புள்ளியின் ஓட்டத்தைச் சற்றே மாற்றும்போது, அருகருகே தெரியும் இரண்டு திட்டுகள் ஒரே பொருளா, வெவ்வேறா என்று சொல்ல அந்த நடுப்புள்ளி ஒன்றே துணை.

கம்ப வண்ணப்பிரிகைக்கு முன்னோட்டமாகவும் சிலிக்கா தகடு நேரடியாகப் பயன்படுகிறது. சேர்மம் கம்பத்தை விட்டு வெளியேறத் தேவையான கரைப்பானின் அளவு, கம்பப் பருமனின் மடங்காகச் சொன்னால், ஏறத்தாழ 1-ஐ ஆர்எஃப் மதிப்பால் வகுத்து வருவதாகும். தகட்டில் 0.20, 0.30 என்று நிற்கும் இரு சேர்மங்கள் 5.0, 3.3 கம்பப் பருமன்களில் வெளிவரும், இடைவெளி 1.7. அதே 0.10 வேறுபாட்டோடு 0.60, 0.70 என்று நிற்பவை 1.67, 1.43 கம்பப் பருமன்களில், ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிடும். தகட்டில் இரண்டு இணைகளும் ஒரே அளவு பிரிந்தவைபோல் கண்ணுக்குத் தெரியும். கம்பத்தில் முதல் இணை மட்டுமே பிரியும். கம்பத்துக்கான கரைப்பானைத் தேர்வோர் விரும்பிய பொருளை 0.2 முதல் 0.35 வரையுள்ள பகுதியில் நிறுத்தச் சொல்லப்படுவது இக்கணக்கினால்தான்.

இனி மறைமுகச் செலவுகள். சிலனால் தொகுதிகள் மென்மையான அமிலத்தன்மை கொண்டவை. அமீன்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டு வாலாக இழுபடும். கரைப்பானில் 1 விழுக்காடு அளவுக்கு ட்ரைஎத்திலமீன் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கார்பாக்சிலிக் அமிலங்கள் இழுபட்டால் அதே அளவு அசிட்டிக் அமிலம் உதவும். ஆனால் புள்ளி இழுபடும்போது முதலில் ஐயப்பட வேண்டியது மிகையாக இடப்பட்ட மாதிரியை. 1 விழுக்காட்டுக் கரைசலில் 1 மைக்ரோலிட்டர் என்பதே 10 மைக்ரோகிராம் பொருள். வழக்கமான தகட்டுக்கு அது தாராளம். கரைசலை மேலும் நீர்த்துப் பார்த்த பிறகும் வால் நீங்காவிட்டால்தான் வேதியியலைக் குறைசொல்ல வேண்டும்.

அசிட்டால்கள், ஈனால் ஈதர்கள், சில எப்பாக்சைடுகள் போன்ற அமிலம் தாங்காத சேர்மங்கள் சிலிக்காவின்மேல் சிதையக்கூடும். தூய பொருளொன்று இரண்டு மூன்று புள்ளிகளாகத் தெரிந்தால், அது தூய்மைக் குறைவா, தகட்டில் நிகழ்ந்த சிதைவா என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. சதுரத் தகட்டின் ஒரு மூலையில் புள்ளியிட்டு ஒரு திசையில் ஓடவிட்டு, உலர்த்தி, 90 பாகை திருப்பி, அதே கரைப்பானில் மீண்டும் ஓடவிட வேண்டும். தகட்டில் எதுவும் சிதையவில்லையென்றால் எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டத்தின்மேல் நிற்கும். அக்கோட்டுக்கு வெளியே புள்ளி தோன்றினால், அது முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் தகட்டிலேயே பிறந்த பொருள். சிலிக்காவைக் கைவிடலாமா என்று முடிவுசெய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒரு துண்டுத் தகடும் சிறிது நேரமுமே இதற்கு ஆகும் செலவு.

காற்றின் ஈரப்பதத்தை உறிஞ்சிய சிலிக்காவின் பற்று குறைந்துவிடும் என்பது மற்றொரு குறை. இதனால் ஆர்எஃப் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். 110 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சூடாக்கித் தகட்டைப் புதுப்பிக்கலாம் என்றாலும், திறந்த காற்றில் வைத்தவுடன் அது மீண்டும் ஈரத்தை ஈர்க்கத் தொடங்கிவிடும். ஆகவே நூலில் அச்சிட்டிருக்கும் ஆர்எஃப் மதிப்பை நம்பி ஒரு பொருளை அடையாளம் காண முயல வேண்டாம். தெரிந்த மாதிரியை அதே தகட்டில் பக்கத்தில் ஓடவிடுவதே ஏற்கத்தக்க ஒப்பீடு.

## அலுமினா தகடு

வரலாற்றில் முதலில் வந்தது அலுமினாதான். 1938-இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் கண்ணாடித் துண்டுகளின்மேல் அலுமினாவை மெல்லியதாகப் பரப்பி, மருந்துத் தாவரச் சாறுகளைத் துளியாக இட்டு, வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். பின்னாளில் சிலிக்கா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது; என்றாலும் காரத்தன்மையுள்ள நைட்ரஜன் சேர்மங்களுக்கும் ஆல்கலாய்டுகளுக்கும் அலுமினா இன்றும் பொருந்தும். சிலிக்காவில் வாலாக இழுபடும் அமீன், காரத்தன்மையுள்ள அலுமினாவில் எந்தச் சேர்ப்பானும் இன்றி உருண்டைப் புள்ளியாக ஏறுவதுண்டு. பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களும் இதில் நன்கு பிரியும்.

அமிலத்தன்மை, நடுநிலை, காரத்தன்மை என மூன்று வகை அலுமினாக்கள் கிடைக்கின்றன; நீரில் கலக்கிப் பார்த்தால் அவற்றின் பிஎச் முறையே ஏறத்தாழ 4, 7, 10 என்ற அளவில் இருக்கும். வகையைக் கவனியாமல் எடுத்துப் பயன்படுத்துவது பெரிய தவறு. காரத்தன்மையுள்ள அலுமினாவில் அமிலங்களும் பீனால்களும் அசையாமல் கிடக்கும், எஸ்டர்கள் நீராற்பகுப்படையக்கூடும், அசிட்டோனைக் கரைப்பானாக எடுத்தால் அது தன்னோடு தானே வினைபுரிந்து புதுப்பொருளைத் தரும். இவற்றோடு நீரின் அளவும் சேர்ந்துகொள்கிறது. பிராக்மன் அளவுமுறையில் நீரற்ற அலுமினா முதல் தரம். 3, 6, 10, 15 விழுக்காடு நீர் சேரும்போது முறையே இரண்டாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம்வரை பற்று இறங்குகிறது. சிலிக்காவுக்கும் இந்தக் குறை உண்டெனினும் அலுமினாவில் அது கடுமையானது.

அமிலம் தாங்காத சேர்மம், கார நைட்ரஜன் சேர்மம், அடுத்த படியாக அலுமினாக் கம்பம் ஆகிய மூன்று நிலைகளில் ஒன்று இல்லாமல் அலுமினாவைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

## செல்லுலோஸ் தகடு

தாள் வண்ணப்பிரிகையின் நேரடி வாரிசு இது. 1944-இல் கான்ஸ்டன், கோர்டன், மார்ட்டின் ஆகியோர் வடிதாளில் அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டினர். பங்கீட்டு வண்ணப்பிரிகையைக் கண்டறிந்ததற்காக மார்ட்டினும் சிஞ்சும் 1952-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். செல்லுலோஸ் இழைகள் தம்முள் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்நீருக்கும் ஏறிவரும் கரைப்பானுக்கும் இடையில் சேர்மம் பங்கிடப்படுகிறது. வடிதாளின் நீண்ட இழைகளுக்குப் பதில் தகட்டில் குறுகிய, நுண்ணிய இழைகள் இருப்பதால் புள்ளிகள் அதிகம் பரவாமல் இறுக்கமாக நிற்கின்றன. நேரமும் தாளைவிடக் குறைவு.

அமினோ அமிலங்கள், சர்க்கரைகள், நீரில் கரையும் சாயங்கள் போன்றவற்றுக்கு இது இயல்பான இருப்பிடம். பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் ஆகியவற்றை 4:1:1 என்ற பருமன் விகிதத்தில் கலந்த கரைப்பான் நன்கு அறியப்பட்டது. இதே கரைப்பானைக் கொண்டு சிலிக்காவிலும் அமினோ அமிலங்களை ஓடவிடலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையிருப்பில் சிலிக்கா மட்டுமே இருந்தால் அதிலேயே முதலில் முயன்று பார்ப்பதில் தவறில்லை.

செல்லுலோசின் மறைமுகச் செலவு இரண்டு வகையில் வருகிறது. பியூட்டனாலின் பிசுப்பு மிகுதி. ஹெக்சேன் கலவை சில நிமிடங்களில் ஏறும் உயரத்தை அது மணிக்கணக்கில் ஏறும். அதன்பின் தகட்டை முழுமையாக உலர்த்தவும் நேரம் வேண்டும். இதைவிடப் பெரிய தடை கண்டறிதலில் இருக்கிறது. அடுக்கே ஒரு கரிமப் பொருளாதலால், கந்தக அமிலம் தெளித்துக் கருக்கும் முறையை இதில் கையாளவே முடியாது. தகடு முழுவதும் கருகிவிடும். பெர்மாங்கனேட் போன்ற வலிமையான ஆக்சிஜனேற்றிகளும் பின்னணியைக் கெடுத்துவிடும். அமினோ அமிலங்களுக்கு நின்ஹைட்ரின் இருக்கிறது. மென்மையாகச் சூடாக்கினால் ஊதா நிறம் தரும், புரோலின் போன்ற சில மட்டும் மஞ்சளாகத் தெரியும். இப்படிப் பொருத்தமான மென்மையான தெளிப்பு உங்கள் சேர்மத்துக்கு இல்லையென்றால், பிரிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லுலோசால் பயனில்லை.

## தலைகீழ் நிலைமைத் தகடு

சிலிக்காவின் சிலனால் தொகுதிகளோடு 18 கார்பன் கொண்ட நீண்ட சங்கிலிகளைப் பிணைத்தால், நீரை விரும்பிய மேற்பரப்பு கொழுப்பை விரும்பும் மேற்பரப்பாகிவிடுகிறது. ஆர்பி-18 என்று அட்டையில் குறிக்கப்பட்டிருப்பது இதுவே. எல்லாம் இங்கே தலைகீழ்: முனைவுற்ற சேர்மம் மேலே போகும், முனைவற்றது கீழே நிற்கும்; கரைப்பானில் நீரைக் கூட்டினால் புள்ளிகள் கீழிறங்கும், மெத்தனாலையோ அசிட்டோநைட்ரைலையோ கூட்டினால் மேலேறும். சிலிக்காவில் பழகிய கை, கரைப்பானை எதிர்த்திசையில் மாற்றிவிட்டுக் குழம்புவது இயல்பு.

கிளைக்கோசைடுகளைப் போல, சிலிக்காவில் தொடக்கக் கோட்டிலேயே உட்கார்ந்துவிடும் முனைவுற்ற சேர்மங்களுக்கு இது சிறந்த மாற்று. உயர்செயல்திறன் நீர்ம வண்ணப்பிரிகையில், அதாவது எச்.பி.எல்.சி.யில், பெரும்பாலான பகுப்பாய்வுகள் இதே வகைக் கம்பத்தில்தான் நடக்கின்றன. ஆகவே கருவியில் கலவையைச் செலுத்துமுன், எது கம்பத்தில் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளும், எது தங்காமல் ஓடிவிடும் என்று ஒரு தகட்டில் பார்த்துவிடலாம். இந்த ஒரு பயனுக்காகவே சில தகடுகளை இருப்பில் வைத்திருப்பது தகும்.

நான்கு வகைகளுள் விலை மிகுந்தது இதுவே. ஆனால் விலையைவிட, பழகாதவரைத் தடுமாற வைப்பது நீர். கரைப்பானில் நீர் கூடும்போது கொழுப்பை விரும்பும் அடுக்கு நனைய மறுக்கிறது. கரைப்பான் ஏறாமல் நின்றுவிடுகிறது, சில தகடுகளில் அடுக்கே உரிந்துவிடுகிறது. நீர் மிகுந்த கலவைகளுக்கென நனையத்தக்கதாகச் செய்யப்பட்ட தனிவகைத் தகடுகள் உண்டு. வாங்குமுன் அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடிமுடித்த தகட்டிலிருந்து நீரை வெளியேற்றுவதும் தாமதம். கந்தக அமிலம் தெளித்துக் கடுமையாகச் சூடாக்கினால், பிணைக்கப்பட்ட கார்பன் சங்கிலிகளே கருகிப் பின்னணியை இருளாக்கும். வினையைக் கண்காணிக்கும் அன்றாட வேலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | சிலிக்கா | அலுமினா | செல்லுலோஸ் | ஆர்பி-18 |
|---|---|---|---|---|
| பிரிக்கும் வழி | பரப்புக் கவர்ச்சி | பரப்புக் கவர்ச்சி | பங்கீடு | கொழுப்பை விரும்பும் பரப்பு |
| நன்கு பொருந்துபவை | நடுநிலைக் கரிமச் சேர்மங்கள் | அமீன்கள், ஆல்கலாய்டுகள், அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் | அமினோ அமிலங்கள், சர்க்கரைகள் | முனைவுற்ற இயற்கைப் பொருள்கள், மருந்துகள் |
| பொருந்தாதவை | அமிலம் தாங்காதவை | காரவகையில் அமிலங்கள், பீனால்கள் | முனைவற்ற சேர்மங்கள் | ஹைட்ரோகார்பன்கள் போன்று மிக இறுகப் பற்றப்படுபவை |
| வழக்கமான கரைப்பான் | ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் | ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன் | பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் | மெத்தனால், நீர் |
| ஓடும் நேரம் | நிமிடங்கள் | நிமிடங்கள் | மணிக்கணக்கு | நீர் கூடக்கூட நீளும் |
| அமிலத்தால் கருக்குதல் | இயலும் | இயலும் | இயலாது | பின்னணி கெடும் |
| அடுத்த படி | சிலிக்காக் கம்பம் | அலுமினாக் கம்பம் | அடையாளம் காணல் | எச்.பி.எல்.சி. |

## கண்டறிதல் முன்கூட்டியே முடிவாக வேண்டும்

அட்டையில் எஃப்-254 என்ற குறி இருந்தால், அடுக்கில் ஒளிரும் பொருள் கலக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது மாங்கனீசு சேர்த்த துத்தநாக சிலிக்கேட்; 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். அவ்வொளியை உறிஞ்சும் சேர்மம் பச்சைப் பின்னணியில் கருந்திட்டாகத் தெரியும். பென்சீன் வளையமோ இணைந்த இரட்டைப் பிணைப்புகளோ உள்ளவற்றுக்கு இது போதும். சர்க்கரை, நிறைவுற்ற ஆல்கஹால், பெரும்பாலான டெர்பீன்கள் இந்த விளக்கின்கீழ் தெரியவே தெரியா. புள்ளி தெரியவில்லை என்பதால் பொருள் இல்லை என்று முடிவுகட்டுவது ஆபத்தானது.

அயோடின் ஆவியில் வைத்தால் பல கரிமச் சேர்மங்கள் பழுப்பாகத் தெரிந்து, காற்றில் வைத்தபின் நிறம் மங்கும். தெரியும்போதே பென்சிலால் வட்டமிட வேண்டும். பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியவற்றை மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டாகக் காட்டும். ஆல்கலாய்டுகளுக்கு டிராகன்டார்ஃப் கரணி, ஆல்டிஹைடுகளுக்கும் கீட்டோன்களுக்கும் 2,4-டைநைட்ரோபீனைல் ஹைட்ரசீன், பீனால்களுக்கு ஃபெரிக் குளோரைடு என்று தனித்தனித் தெளிப்புகளும் உண்டு. சேர்மத்தை அழிக்காதவற்றை முதலிலும் அழிப்பவற்றைக் கடைசியிலும் கையாள வேண்டும்: புற ஊதா, அயோடின், அதன் பிறகே தெளிப்பு. விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. தெளிப்பை வெளியேற்றும் விசிறியுள்ள அறைக்குள்தான் செய்ய வேண்டும்.

## தாங்கி: கண்ணாடி, அலுமினியம், நெகிழி

தாங்கியின் தேர்வு பெரும்பாலும் கண்டறிதலைப் பின்பற்றிச் செல்கிறது. கண்ணாடி எல்லாக் கரைப்பான்களையும் வலிய அமிலங்களையும் கடுஞ்சூட்டையும் தாங்கும். வெட்டக் கண்ணாடி வெட்டி வேண்டும், உடையும், எடையும் மிகுதி. அலுமினியத் தாளைக் கத்தரிக்கோலால் வேண்டிய அளவில் வெட்டிக்கொள்ளலாம், குறிப்பேட்டில் ஒட்டியும் வைக்கலாம். சூட்டைத் தாங்கும், ஆனால் கனிம அமிலத் தெளிப்புகள் உலோகத்தை அரித்துவிடும். வெட்டும்போது அழுத்தி வளைத்தால் விளிம்பில் அடுக்கு விரிசலிட்டு, கரைப்பான் கோணலாக ஏறும். நெகிழித் தாள் மலிவு, வெட்டுவது எளிது. சூடான தட்டின்மேல் வைத்தால் நெளிந்துவிடும். ஆகவே தெளித்துச் சூடாக்கும் தேவையே இல்லாதபோது மட்டும் நெகிழி. அன்றாட வேலைக்கு அலுமினியம். கந்தக அமிலம் கலந்த தெளிப்பென்றால் கண்ணாடிதான்.

## ஆயத்தத் தகடா, கையால் பூசியதா

ஜிப்சம் சேர்த்த சிலிக்கா ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்துக் குழைத்து, அது இறுகத் தொடங்கும் முன் சில நிமிடங்களுக்குள் கண்ணாடியில் சீராகப் பரப்பி, காற்றில் உலர்த்தி, 110 பாகையில் சூடாக்கினால் தகடு ஆயத்தம். பொருட்செலவு மிகக் குறைவு. ஆனால் அடுக்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், கரைப்பானின் எல்லை வளையும், ஒரு தகட்டின் ஆர்எஃப் மதிப்பை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. பென்சிலால் கோடிட்டால் மென்மையான அடுக்கு உதிரும். நுண்தூளை மூச்சில் இழுக்காமல் காத்துக்கொள்ள வேண்டும். பூசுவதிலும் உலர்த்துவதிலும் கழியும் உழைப்பையும் கணக்கில் சேர்த்தால் மலிவு என்பது பாதி உண்மைதான்.

இருப்பினும் கற்பித்தலில் கையால் பூசுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. அடுக்கு என்பது என்ன, அது சீராக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை மாணவர் தம் கையாலேயே அறிந்துகொள்கிறார். பொருளை அளவில் பிரித்தெடுக்க 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்கு தேவைப்படும்போதும் கையால் பூசுவது பொருத்தமே. மற்றெல்லா வேலைக்கும் ஆயத்தத் தகட்டையே நான் தேர்வேன். பெரிய தகட்டை வாங்கி 5 சென்டிமீட்டர் உயரமும் 2 சென்டிமீட்டர் அகலமுமாக வெட்டிக்கொண்டால், 20 சென்டிமீட்டர் சதுரத் தகடு ஒன்றிலிருந்து 40 துண்டுகள் கிடைக்கும். விலையைப் பற்றிய கவலை அங்கேயே பெருமளவு குறைந்துவிடும்.

## சிலிக்காவை விட்டு எப்போது விலகுவது

நடைமுறையில் எல்லோரும் சிலிக்காவிலிருந்தே தொடங்குவார்கள், தொடங்கவும் வேண்டும். பிறகு தகடு காட்டும் அடையாளங்களைப் படிக்க வேண்டும். நீர்த்த பிறகும் காரம் சேர்த்த பிறகும் வால் நீங்காத நைட்ரஜன் சேர்மம் என்றால் அலுமினா. மூலைவிட்டச் சோதனையில் சிதைவு தெரிந்தால் நடுநிலை அலுமினா, அல்லது சிலனால்கள் பெருமளவு மூடப்பட்டிருக்கும் ஆர்பி-18. டைகுளோரோமீத்தேனில் மெத்தனால் சேர்த்த பிறகும் தொடக்கக் கோட்டை விடாத சேர்மம், புற ஊதாவில் தெரிவதென்றால் ஆர்பி-18. அமினோ அமிலமோ சர்க்கரையோ என்றால் செல்லுலோஸ். வெறும் அரைகுறைப் பிரிப்பு, அதாவது இரண்டு புள்ளிகள் ஒட்டி நிற்பது, தகட்டை மாற்றுவதற்குக் காரணமாகாது. அதற்கு முதலில் மாற்ற வேண்டியது கரைப்பானின் வகை: எத்தில் அசிட்டேட்டுக்குப் பதில் ஈதரோ டைகுளோரோமீத்தேனோ எடுத்தால், விகிதத்தை மாற்றிப் பெற முடியாத பிரிப்பு பலமுறை கிடைத்துவிடும்.

தெரியாத பொருளொன்றைத் தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டு அடையாளம் காண விரும்புவோருக்கு மட்டும் ஒரே தகடு போதாது. சிலிக்காவில் இரண்டு பொருள்கள் தற்செயலாக ஒரே உயரத்தில் நிற்பது அரிதன்று. ஆகவே தெரியாத பொருள், மாதிரி, இரண்டும் சேர்ந்த புள்ளி ஆகிய மூன்றையும் ஒரு சிலிக்கா தகட்டிலும் ஓர் ஆர்பி-18 தகட்டிலும் ஓடவிட வேண்டும். எதிரெதிர் வரிசையில் பிரிக்கும் இரண்டு அடுக்குகளிலும் உயரம் ஒத்து, நடுப்புள்ளி பிளவுபடாமல் ஒன்றாகவே நின்று, தெளிப்பிலும் அதே நிறத்தைக் காட்டினால், அவை ஒரே பொருள் என்று கருதி நிறமாலைச் சான்றைத் தேடிச் செல்லலாம். ஏதேனும் ஒரு தகட்டில் அவை விலகி நின்றால், அந்த ஒரு விலகலே அவை வெவ்வேறு பொருள்கள் என்பதற்குப் போதுமானது.